எடுத்துப்போட்ட குரல்

இன்று காலை உங்கள் பியானோவுக்குள் இருந்த பல்ப் பியூஸ் போய்விட்டது. கீழ்ப் பலகையைக் கழற்றி உள்ளே கையை விட்டபோது அந்த மணம் வந்தது. காய்ந்த மரமும், கம்பளித் துணியும், பழைய தூசியும் வருடக்கணக்காக மெல்லிய சூட்டில் கிடந்து ஊறிய மணம். அலுமாரியில் உங்கள் சேட்டுகளில் இருந்த மணம் எப்போதோ போய்விட்டது. இது மட்டும் போகவில்லை. பலகையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். வேலைக்குப் போக நேரமாகிறது என்று தெரிந்தும் எழும்ப மனம் வரவில்லை.

பின்னேரம் வேலை முடிந்து வரும் வழியில் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரத் தம்பி ஒரு வெள்ளைப் பல்பை எடுத்து நீட்டினான்.

"பழைய பல்ப் இப்ப எங்கயக்கா? இதக் கொண்டுபோங்கோ. சூடே வராது."

"எனக்குச் சூடுதான் தம்பி வேணும். வெளிச்சம் வேண்டாம்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "கோழிக்குஞ்சு வளக்கிறியளோ?"

"ஓம்," என்றேன். "எண்பத்தெட்டுப் பல்லோட ஒரு குஞ்சு."

அவன் பயந்துபோய் உள்ளே சென்று, கோழிக்கூட்டுக்காரர்களுக்கு வைத்திருந்த பழைய பல்ப் ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தான். நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் சிரித்துச் சிரித்தே கடையை விட்டு வெளியே போயிருப்பீர்கள். நான் மட்டும்தான் நின்றேன். பல்பைப் பழைய பேப்பரில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் உவர்மலையில் இருப்பவர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. துறைமுகத்திலிருந்து ஏறி வரும் உப்பு யன்னல் கம்பியையும் தின்னும், பூட்டையும் தின்னும். வாடை மாதங்களில் மரமெல்லாம் ஊதிப்போகும். பியானோவில் அழுத்திய கட்டை திரும்பி மேலே வராது. அதனால்தான் உங்கள் அப்பா பியானோவின் வயிற்றுக்குள் ஒரு பல்பை எரியவிட்டார். கப்பல் தளத்தில் எழுதுவினைஞராக இருந்தவர், வெள்ளைக்காரக் கப்பற்படை மூட்டை கட்டிய நாட்களில் ஏலத்தில் எடுத்த பியானோ அது. அவருக்கு ஒரு பாட்டும் வாசிக்கத் தெரியாது. நல்ல சாமானை விட மனம் வராமல் எடுத்தாராம். அந்தச் சாமானைத்தான் நீங்கள் கட்டிக்கொண்டீர்கள். பிறகு என்னைக் கட்டினீர்கள். நான் இரண்டாம் தாரம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

மாதா கோயிலில் பாடுகிற பாட்டைத் தவிர வேறு இசை எனக்குத் தெரியாது. அந்தப் பாட்டுக்கு ஒரு தொடக்கம் இருக்கும், முடிவு இருக்கும், நடுவில் எல்லாரும் சேர்ந்து பாட ஒரு இடம் இருக்கும். உங்கள் ஜாஸ் அப்படியா? காலையில் ஒரு வழியால் போன மெட்டு பின்னேரம் வேறொரு வழியால் வீட்டுக்கு வரும். "நேற்று வாசிச்சதுதானே இது? ஏனப்பா மாறிப்போச்சு?" என்று குசினிக்குள் இருந்து கேட்டால், "நேற்று நான் மாம்பழம் சாப்பிடேல்லையப்பா" என்பீர்கள். இப்படி ஒரு மனுசனோடு என்னத்தைக் கதைப்பது?

பின்னேரங்களில் நிலாவெளிப் பக்கத்து ஹோட்டலில் வாசித்தீர்கள். அங்கே வாசித்ததெல்லாம் மற்றவர்களுடைய பாட்டு. சாப்பிட வந்தவர்கள் கேட்ட பாட்டு, யாருக்காவது பிறந்தநாள் என்றால் அந்தப் பாட்டு. உங்களுடைய மெட்டுகள் எல்லாம் காலையில், நான் ஆஸ்பத்திரி வேலைக்கு வெளிக்கிடும் நேரத்தில், எங்கள் முன்னறையில் பிறந்தன. பிள்ளையில்லாத வீட்டில் அவைதான் ஓடித் திரிந்தன. "மூதூர்த் தோணி", "கச்சான் காலம்", "வீதியில் மான்". ஒன்றுக்கு "சாப்பாட்டுக்குப் பிறகு" என்று பெயர். ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் நின்று நான் நாள் முழுக்கச் சொல்லுகிற சொல் அது. அதை ஒரு மெட்டுக்குப் பெயராக வைத்துவிட்டு, ஏதோ நகை வாங்கித் தந்தவர் போல என் முகத்தைப் பார்த்தீர்கள். நகை வாங்கித் தந்திருக்கலாம் என்றுதான் சொன்னேன். ஆனால் அன்று முழுவதும் கவுண்டரில் அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்தது. நோயாளிகள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

வாசிக்கும்போது நீங்கள் முனகுவீர்கள். பாட்டு என்று சொல்ல ஏலாது. கை வாசிக்கிற மெட்டும் அல்ல அது. அதற்குக் கொஞ்சம் மேலே, சிலவேளை கொஞ்சம் பின்னாலே, தொண்டைக்குள் ஒரு சத்தம். புட்டுப் பானை கொதிக்கத் தொடங்கும்போது வருமே, அப்படி. உங்களுக்கே அது தெரியாது. ஹோட்டலில் ஒரு வெள்ளைக்காரி முறைப்பாடு செய்து, மனேஜர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் தெரியும். அன்று வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தபடி, "நான் பாடுறனானோ? உண்மையாவோ?" என்று கேட்டீர்கள். கேட்டபோது முகம் கறுத்துப்போயிருந்தது. கலியாணம் கட்டிய நாள் முதல் கேட்கிறேன் என்று நான் சொன்னதும் உங்களுக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

அதற்குப் பிறகு சேட்டுப் பையில் கராம்பு வைத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போனீர்கள். ஒரு கராம்பைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டால் வாய் மூடியிருக்கும் என்பது உங்கள் கண்டுபிடிப்பு. சேட்டுத் தோய்க்கும்போதெல்லாம் பையிலிருந்து கராம்பு பொறுக்கினேன். வீட்டில் மட்டும் கடிப்பதில்லை. வீட்டில் முனகல் தாராளமாக வந்தது. தேங்காய் துருவிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குப் பியானோவை விட அதுதான் விளங்கியது என்று உங்களிடம் சொல்லியும் இருக்கிறேன். நீங்கள் நம்பவில்லை. பகிடி என்று நினைத்தீர்கள்.

போன கச்சான் காற்று வீசுகிற காலத்தில்தானே ஒலிப்பதிவு நடந்தது. மரம் காய்ந்து, கட்டைகள் சொல்வழி கேட்கிற மாதங்கள் என்று நீங்களே நாள் பார்த்தீர்கள். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒலிப்பதிவு செய்கிற டிலான் தம்பி வான் நிறைய மைக்கும் வயருமாக வந்தான். கிண்ணியாவிலிருந்து முனாஸ் தன் பெரிய வயலினைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதை வயலின் என்றால் அவனுக்குக் கோபம் வரும். "அது டபுள் பேஸ் அக்கா" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பான். ஹோட்டல்களில் ஏசி திருத்துகிற அவனுக்கும் உங்களுக்கும் எப்படி ஒட்டியது என்று எனக்கு இன்றைக்கும் விளங்காது. நீங்கள் இரண்டு பேர்தான். மூன்றாவது ஆள் வந்தால் எங்கள் முன்னறை தாங்காது என்றீர்கள்.

அந்த நாட்களில் என் வீட்டில் எனக்கே உரிமை இல்லை. விசிறி போடக்கூடாது, குக்கர் வைக்கக்கூடாது, தும்மக்கூடாது. பிரிட்ஜ் இரைகிறது என்று டிலான் அதையும் நிறுத்தினான். நிறுத்திவிட்டுத் தன் வானின் திறப்புக் கொத்தை அதற்குள், மீனுக்குப் பக்கத்தில் வைத்தான். "இல்லாட்டி பிரிட்ஜைப் போட மறந்திட்டுப் போயிடுவன் அன்ரி. திறப்பு எடுக்க வரேக்க ஞாபகம் வரும்" என்றான். அவர்களுடைய தொழிலில் அப்படித்தானாம். பியானோவின் பல்பையும் அணைக்கச் சொன்னான், அதுவும் மெல்லிதாக இரைகிறதாம். பிறகு எல்லாரும் காத்திருந்தோம். பள்ளிவாசலில் பாங்கு முடியட்டும், கோவில் மணி முடியட்டும், உள்ளே வருகிற கப்பல் ஊதி முடியட்டும், முச்சக்கர வண்டி போகட்டும் என்று. ஊருக்குள் மாடுபோலத் திரிந்து வாசலில் வந்து நின்ற மான்கள்தான் எங்கள் தெருவில் சத்தம் போடாத சனம்.

நீங்கள் கராம்பைக் கடித்துக்கொண்டுதான் தொடங்கினீர்கள். முதல் மெட்டின் பாதியில் அது எங்கே போனதோ, முனகல் வந்துவிட்டது. டிலான் கையைத் தூக்கினான்.

"அங்கிள், உங்கட குரலும் விழுது."

நீங்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தீர்கள். முனாஸ்தான் முந்திக்கொண்டான். "இரிக்கட்டும் தம்பி. அதுவும் அண்ணன்தானே."

"இல்லை," என்றீர்கள். "எடுத்துப்போட ஏலுமோ தம்பி?"

"இப்ப கொம்பியூட்டரில ஏலும் அங்கிள். குரலை வேறயா, பியானோவை வேறயாப் பிரிக்கலாம்."

"அப்ப எடுத்துப்போடும். என்ர சொந்த மெட்டு. அதையாவது சனம் துப்புரவாக் கேக்கட்டும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறியள் என்று குசினி வாசலில் நின்று நான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்கே எழுதுவது விசர்த்தனம். ஆனால் நீங்கள் என் பக்கத்திலிருந்து அதைப் பார்க்கவில்லையே. டிலான் கொழும்புக்குப் போய்ச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நீங்கள் காலையில் மீன் வாங்கப் போனீர்கள். நான் கவுண்டரில் ஒரு கிழவருக்கு மாத்திரை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்றது, ஆட்கள் ஓடினார்கள். கம்பி யன்னலுக்கால் முதலில் உங்கள் செருப்பைக் கண்டேன். ஒரு காலில்தான் இருந்தது. கையில் இருந்த மாத்திரை சுற்றிய கடதாசிச் சரையைக் கிழவரிடம் கொடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன் என்று பிறகு ஆட்கள் சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இல்லை. நெஞ்சு நின்றுபோய்த்தான் கொண்டுவந்திருந்தார்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த கிழமை டிலான் தொலைபேசி எடுத்தான். சுற்றிவளைத்துக் கடைசியில் சொன்னான்.

"அன்ரி, எல்லாம் முடிஞ்சுது. ஒண்டுதான் பாக்கி. அங்கிள் குரலை எடுக்கச் சொன்னவர். நான் இன்னும் எடுக்கேல்லை. எடுக்கட்டோ, விடட்டோ? நீங்கள்தான் சொல்லோணும்."

இரண்டு விதமாகவும் செய்து அனுப்பினான். ஆஸ்பத்திரியில் மருந்து அடுக்குகிற அறைக்குள் போய், காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். முதலாவதில் நீங்கள் இருந்தீர்கள். அதை வேறு எப்படிச் சொல்வது? கண்ணை மூடினால் குசினிக்குள் நிற்கிறேன், முன்னறையில் நீங்கள். இரண்டாவதில் அழகான பியானோ இருந்தது.

அன்று பின்னேரமே முனாஸ் மோட்டார் சைக்கிளில் வந்தான். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

"விடச் சொல்லுங்கக்கா. அண்ணன் இரிந்தா வேற கதை. இப்ப நமக்கு வேற என்ன இரிக்கு?"

"அவர் வேண்டாம் எண்டவர் முனாஸ்."

"அவர் சாகப்போறது தெரிஞ்சோ சொன்னவர்?"

அவன் வாசற்படியில் இருந்து அழுதான். மோட்டார் சைக்கிளை எடுக்கும்போதும் அழுதுகொண்டுதான் போனான். அவன் சொன்னதில் பிழை இல்லை. எனக்கும் அதுதான் ஆசை. என் உடம்பு முழுக்க அந்த ஆசைதான் இருந்தது.

நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்கள் சொல்லை நான் ஒருநாளும் கேட்டதில்லை. உப்பைக் குறை என்றால் கூட்டிப் போடுவேன். இதற்கும் சண்டை பிடித்திருப்பேன், வென்றும் இருப்பேன். நீங்கள் தோற்றுக்கொண்டே வாசிக்கப் போயிருப்பீர்கள். ஆனால் செத்துப்போன மனுசனோடு எப்படிச் சண்டை பிடிப்பது? திருப்பி ஒரு சொல் சொல்ல ஏலாத ஆளை வெல்வதில் என்ன இருக்கிறது? அந்தக் கிழமை முழுவதும் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று ஏசினேன். அயல் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கடைசியில் ஒன்றை யோசித்தேன். வாழ்க்கை முழுவதும் மற்றவர்கள்தான் உங்களுக்குச் சொன்னார்கள். இந்தப் பாட்டை வாசி, அதை வாசிக்காதே, மெதுவாக வாசி, வாயை மூடு. முதல் தரம் உங்கள் சொந்த மெட்டுகளை உலகத்துக்குக் கொடுக்கப் போனபோது, அது இப்படித்தான் கேட்க வேண்டும் என்று நீங்களே வாய் திறந்து ஒன்று சொன்னீர்கள். அதையும் நான் மாற்றினால், அந்த ஹோட்டல் மனேஜருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"எடுத்துவிடும் தம்பி," என்று டிலானுக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். சமைக்க ஒன்றும் இருக்கவில்லை.

"உவர்மலை" என்ற பெயரில் இசைத்தட்டு வந்துவிட்டது. அட்டையில் உங்கள் முகம் வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்களாம், துறைமுகப் படம்தான் போட்டிருக்கிறார்கள். பங்கு மண்டபத்தில் சின்னதாக ஒரு வெளியீடு வைத்தோம். சுவாமியார் பேசினார், முனாஸ் பேச ஏலாது என்றான். பிறகு எல்லாரும் இருந்து முழுவதையும் கேட்டார்கள். ஜாஸ் என்றால் என்னவென்று தெரியாத சனம் கூட ஆடாமல் அசையாமல் கேட்டது. சங்கீதம் படிப்பிக்கிற ஒருவர் என்னிடம் வந்து, "எவ்வளவு துப்புரவான வாசிப்பு" என்றார். உங்கள் சொல்லையே அவர் சொன்னார். நீங்கள் கேட்க ஆசைப்பட்டது அதுதானே. உங்களுக்காகச் சந்தோசப்பட வேண்டும் என்று முயன்றேன். கொஞ்சம் வந்தது. ஆனால் பின்வரிசைக் கதிரையில் இருந்து, மெட்டுக்கு மெட்டு நீங்கள் எங்கே முனகியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரிந்த ஒவ்வொரு இடத்திலும் ஒன்றும் இல்லாததைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "சாப்பாட்டுக்குப் பிறகு" வந்தபோது முனாஸ் எழும்பி வெளியே போய்விட்டான். எனக்கும் போக ஆசை. ஆனால் உங்கள் பெண்சாதி எழும்பிப் போனால் சனம் என்ன சொல்லும் என்று கல்லுப்போல இருந்தேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் டிலான் வாட்ஸ்அப்பில் ஒன்றை அனுப்பினான். கூடவே குரலில் ஒரு சேதி: "அன்ரி, எடுத்ததை எறிய மனம் வரேல்லை. அங்கிளின்ர குரல் மட்டும் இதில இருக்கு. வேண்டாமெண்டா அழிச்சுப்போடுங்கோ."

அழிக்கவா? உலகத்துக்கு வேண்டாம் என்றுதானே சொன்னீர்கள். எனக்கு வேண்டாம் என்று சொல்லவில்லையே.

பியானோ இல்லை. முனாஸின் பேஸ் இல்லை. நீங்கள் மட்டும். முனகல், பிறகு கனநேரம் ஒன்றும் இல்லை, பிறகு ஒரு மூச்சு. கராம்பு கடிபடுகிற சத்தம் கூட இருக்கிறது. எங்கேயோ ஓரிடத்தில் பிழை விட்டிருக்கிறீர்கள் போல, "ச்சீ" என்கிறீர்கள். முதல் தரம் கேட்டபோது என்னால் முழுவதும் கேட்க முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத்தான் கடைசி மெட்டு வரைக்கும் வந்தேன்.

"சாப்பாட்டுக்குப் பிறகு" முடிந்து, கனநேரம் பொறுத்து, உங்கள் குரல் கேட்கிறது. முனகல் அல்ல, கதை. "எப்பிடியப்பா இருந்தது?"

என்னைத்தான் கேட்கிறீர்கள். வேறு யாரை அப்படிக் கேட்பீர்கள்? நான் தேத்தண்ணியோடு குசினி வாசலில் நின்றிருக்க வேண்டும். பிறகு ஒரு இடைவெளி. அதற்குள் நான் ஏதோ சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் அந்த இடைவெளி முடியும்போது நீங்கள் சிரிக்கிறீர்கள். மனேஜருக்குச் சிரிக்கிற சிரிப்பு அல்ல. வயிற்றிலிருந்து வருகிற, மூச்சு முட்டுகிற சிரிப்பு.

டிலானைக் கேட்டேன். "நீங்கள் மைக்குக்குத் தூரம் அன்ரி. உங்கட குரல் பிடிபடேல்லை" என்றான். முனாஸைக் கேட்டேன். அவன் அந்த நேரம் பேஸைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டானாம். எனக்கோ தலைகீழாக நின்றாலும் ஞாபகம் வரவில்லை. அவ்வளவு சிரிக்கிற மாதிரி நான் என்ன சொன்னேன்? உங்களைத் தவிர அது தெரிந்த ஆள் இல்லை.

இப்போது தினமும் வேலைக்கு வெளிக்கிட முன் அந்தக் கடைசித் துண்டைப் போடுகிறேன். நீங்கள் கேட்கிறீர்கள். நான் பதில் சொல்கிறேன். நேற்று, "நீளம் கூடிப்போச்சு" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். இன்று கொஞ்சம் அழுகை வந்ததால், "நல்லா இருந்ததப்பா, எழும்பி வாங்கோ" என்றேன். அதற்கும் சிரித்தீர்கள்.